வலியைச் சொல்ல ஒரு மொழி



உடல்நலம் குன்றி மருத்துவமனைக்குப் போகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “உங்களுக்கு என்ன செய்கிறது?” என்பதுதான். அந்தக் கேள்வி நமக்குப் புரியவில்லை என்றால்? நாம் சொல்லும் பதில் கேட்டவருக்குப் புரியவில்லை என்றால்? இன்னும் ஆபத்தான நிலை ஒன்றும் உண்டு. புரியாததைப் புரிந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டால் என்ன ஆகும்?

1980-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய குடும்பத்தார் கியூபாவைச் சேர்ந்தவர்கள், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். “இன்டாக்சிகாடோ” என்று அவர்கள் ஒரு சொல்லைச் சொன்னார்கள். சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் வழக்கில் அதன் பொருள். ஏறக்குறைய அதே ஒலியுள்ள ஆங்கிலச் சொல்லுக்கோ போதையில் இருப்பவர் என்று பொருள். போதைமருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டவர் என்று கருதி அவருக்குச் சிகிச்சை தொடங்கினார்கள். உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த இளைஞரின் இரு கைகளும் இரு கால்களும் செயலிழந்தன. பின்னர் வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவருடைய வாழ்நாள் முழுவதற்குமான இழப்பீடு ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை யாரும் அழைக்கவில்லை. ஏனெனில், புரிந்துவிட்டது என்றே இரு தரப்பினரும் நம்பினார்கள்.

நேயர்களே, இது எங்கோ ஒருமுறை நடந்த விபத்து என்று விட்டுவிட முடியாது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 6 கோடியே 21 இலட்சம் பேர் ஹிஸ்பானியர்கள். மெக்சிகோ, புவேர்ட்டோ ரிகோ, கியூபா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் இவர்கள். மொத்த மக்களில் 18.7 விழுக்காடு. ஆனால், அதே 2020-இல் அந்நாட்டுச் செவிலியர்களிடையே நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், பதிவுபெற்ற செவிலியர்களுள் ஹிஸ்பானியர்கள் 5.6 விழுக்காட்டினரே. 2022-இல் அது 6.9 ஆக உயர்ந்தது. அதாவது, நூறு குடிமக்களுள் ஏறக்குறைய 19 பேர். நூறு செவிலியர்களுள் வெறும் 7 பேர்.

இந்த இடைவெளி நோயாளியின் படுக்கையருகே எப்படி வெளிப்படுகிறது? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மருந்துச் சீட்டில் “ஒருமுறை” என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதும் சொல்லும், ஸ்பானிய மொழியில் “பதினொன்று” என்பதற்கான சொல்லும் எழுத்தில் ஒன்றே. தினம் ஒரு மாத்திரை என்று எழுதியதைப் பதினொன்று என்று படித்துவிட வாய்ப்புண்டு. இன்னொன்று, “எம்பாச்சோ”. குழந்தைக்கு உணவு செரிக்காமல் வயிற்றில் தங்கிவிட்டது என்று பாட்டிமார் சொல்லும் நோய் அது. அதற்குத் தரப்படும் “கிரேட்டா”, “அசார்கோன்” என்ற பொடிகளில் ஈயம் மிகுந்திருப்பதை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் கண்டறிந்து எச்சரித்துள்ளனர். காய்ச்சலோடு வரும் குழந்தையின் தாயிடம், “வீட்டில் ஏதாவது பொடி கொடுத்தீர்களா அம்மா?” என்று, குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல் கேட்கத் தெரிந்த செவிலியர் ஓர் உயிரைக் காப்பாற்றிவிடலாம். அந்தக் கேள்வி, அதே வீட்டுப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு இயல்பாகத் தோன்றும்.

“மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் மொழி உதவி தரவேண்டும் என்ற கடமை, 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்தே வருகிறது. தொலைபேசியிலும் காணொளியிலும் மொழிபெயர்ப்பாளர்கள் கிடைக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் மருத்துவர் பேசும் சில நிமிடங்களுக்கே அழைக்கப்படுகிறார்கள். செவிலியரோ 12 மணி நேரப் பணிமுறை முழுவதும் நோயாளியின் அருகில் இருக்கிறார். நள்ளிரவில் வலி கூடும்போது, கழிப்பறைக்குப் போக உதவி கேட்கக் கூசும்போது, நாளை அறுவை சிகிச்சை என்ற பயத்தில் தூக்கம் வராதபோது யார் மொழிபெயர்ப்பது? பல வீடுகளில் இந்தச் சுமை பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலையில் விழுகிறது. தாயின் நோயைத் தாய்க்கே எடுத்துச் சொல்லவேண்டிய கட்டாயம் பத்து வயதுக் குழந்தைக்கு!

அப்படியானால் ஏன் அதிகமான ஹிஸ்பானியர்கள் செவிலியராகவில்லை? விருப்பம் இல்லாமலா? அப்படிச் சொல்ல முடியாது. முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உணவூட்டிக் கவனிக்கும் உதவியாளர்களிடையே அவர்களின் பங்கு இதைவிட மிகுதி. ஊதியமும் அதிகாரமும் உயர உயர அந்தப் பங்கு குறைகிறது. தடைகள் ஏணியின் நடுவில் இருக்கின்றன.

முதல் தடை பணம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கவேண்டிய மாணவர்கள் கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டுப் படிப்பில் சேருகிறார்கள். மருத்துவமனைகளோ நான்காண்டுப் பட்டத்தை விரும்புகின்றன. இரண்டாவது தடை இடமின்மை. பேராசிரியர்களும் பயிற்சி இடங்களும் போதாததால், 2021-இல் மட்டும் தகுதியுள்ள 90,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைச் செவிலியர் கல்லூரிகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது, வழிகாட்ட ஆள் இல்லாமை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு, எந்த அறிவியல் பாடத்தை எப்போது எடுக்கவேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. தம் சொந்த நாட்டில் செவிலியராக இருந்து புலம்பெயர்ந்தவர்களும் சான்றிதழ் சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு, உரிமத் தேர்வு என்ற படிகளில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். செவிலியர் பற்றாக்குறையைப் போக்க பிலிப்பைன்சிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆட்களை அழைத்துக்கொண்ட நாடு அது. தன் வாசலிலேயே நிற்பவர்களுக்கு இன்னும் கதவை அகலத் திறக்கவில்லை.

இந்தக் குறையை முன்பே கண்டுகொண்ட ஒரு பெண்மணியை இங்கே நினைவுகூர வேண்டும். பனாமாவில் பிறந்த இல்டாவுரா முரில்லோ ரோடே, 1945-இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகருக்கு வந்தார். ஸ்பானிய மொழி பேசுவோர் நிறைந்த அந்நகரில், அவர்களைக் கவனிக்க அவர்களுள் ஒருவரான செவிலியர் அரிதாகவே இருப்பதைக் கண்டார். அங்கேயே செவிலியர் பயிற்சி பெற்றார். 1971-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். உயர்ந்த பொறுப்புகளுக்குப் போனபோதும், அரசுக் குழுக்களில் ஹிஸ்பானியச் செவிலியராகத் தாம் ஒருவரே இருப்பதைக் கண்டார். தாம் ஏறிவிட்டோம் என்று அவர் நிறைவடையவில்லை. 1975-இல் அவர் தொடங்கிய அமைப்புதான் இன்று தேசிய ஹிஸ்பானியச் செவிலியர் சங்கமாக, மாணவர்களுக்கு உதவித்தொகையும் வழிகாட்டலும் தந்துவருகிறது. 2010-இல் அவர் மறைந்தார்.

இன்று பயன் தரும் வழிகள் தெரிந்தவையே. உயர்நிலைப் பள்ளியிலேயே மாணவர்களைச் சந்தித்துப் பேசுவது, இரண்டாண்டுப் படிப்பை நான்காண்டுப் பட்டத்தோடு இணைப்பது, உதவியாளராகப் பணிபுரிவோரின் கல்விக் கட்டணத்தை மருத்துவமனையே ஏற்பது, ஒவ்வொரு மாணவருக்கும் அனுபவமிக்க செவிலியர் ஒருவரைத் துணையாகத் தருவது ஆகியவை அவை. பின்தங்கிய சமூக மாணவர்களுக்கென மத்திய அரசின் செவிலியர் கல்வி நிதியும் உள்ளது.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஸ்பானியப் பெயருள்ள எல்லாருக்கும் அம்மொழி சரளமாக வரும் என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவச் சொற்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். இருமொழி தெரிந்த செவிலியரை வார்டு வார்டாக இழுத்து, ஊதியமில்லா மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடவும் கூடாது. தம் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு இந்த இரட்டைச் சுமையைத் தாங்குபவர்கள் சோர்ந்து விலகிவிடுகிறார்கள். மற்றச் செவிலியர்களும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்களே.

அன்பு நேயர்களே, 5.6 என்பது 6.9 ஆவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எண்ணிக்கையாகப் பார்த்தால் சிறியது. ஆனால் அந்தச் சிறிய உயர்வுக்குள், இரவு நேரத்தில் தன் மொழியில் “எங்கே வலிக்கிறது பாட்டி?” என்று ஒருவர் கேட்டதால் நிம்மதியாகக் கண்மூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்க்கும் சுமையிலிருந்து விடுபட்டு, மீண்டும் குழந்தையாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.