கப்பலேறாத இசையமைப்பாளர்

1907 செப்டம்பரில் நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து எட்வர்ட் கிரீக் இங்கிலாந்துக்குப் புறப்பட ஆயத்தமானார். லீட்ஸ் இசைவிழா அவருக்காகக் காத்திருந்தது. வயது 64. மூச்சுவிடவே திணறியவரை மருத்துவர் கப்பலேற விடாமல் மருத்துவமனைக்கு அனுப்பினார். செப்டம்பர் 4 அன்று அங்கேயே உயிர் பிரிந்தது.

அந்தத் திணறல் திடீரென்று வந்ததல்ல. லைப்சிக் இசைக்கல்லூரியில் படிக்கும்போது, 1860இல், நுரையீரல் உறையில் கடும் அழற்சி ஏற்பட்டது. இடது நுரையீரல் பாழானது. மிச்சமிருந்த ஒரு நுரையீரலோடு ஐரோப்பா முழுக்கக் கச்சேரி செய்தார். சுமையை இழுத்து இழுத்து இதயமும் தளர்ந்தது. இறந்த ஆண்டின் வசந்த காலத்தில்கூட ஜெர்மனியில் மேடையேறினார். அந்த மன உறுதியை வணங்குகிறேன். அந்த உடம்புக்கு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு.

எல்லாமே ‘ஹார்ட் அட்டாக்’ அல்ல

கலைஞர் ஒருவர் திடீரென இறந்தால் உடனே ‘ஹார்ட் அட்டாக்’ என்று சொல்லிவிடுகிறோம். கிரீக்கைக் கொன்றது மாரடைப்பு அல்ல. அது இதயச் செயலிழப்பு: இதயத் தசை வலுவிழந்து, உடம்புக்குத் தேவையான ரத்தத்தை இறைக்க முடியாத நிலை. படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும், நாலு படி ஏறினால் களைக்கும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளரும்.

மாரடைப்பு என்பது இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அடைத்த நிமிடத்திலிருந்து தசை சாகத் தொடங்கும். இதயத்துடிப்பு அடியோடு நின்றுபோவது இன்னொன்று. மாரடைப்பு அதற்குக் காரணமாகலாம், வேறு கோளாறும் காரணமாகலாம். பெயர்கள் கலந்துபோவதால்தான் ‘நெஞ்சு வலிக்கவில்லையே, அப்படியென்றால் இதய நோய் இல்லை’ என்று பலர் ஏமாந்து போகிறார்கள்.

இளம் வயது ஒரு காப்பு அல்ல

யான் வெர்னர் டேனியல்சன், 1994 யூரோவிஷன் பாட்டுப்போட்டியில் எலிசபெத் ஆண்ட்ரியாசனுடன் இணைந்து பாடி நார்வேக்கு ஆறாம் இடம் பெற்றுத் தந்தபோது 18 வயதுப் பையன். ஓங்கி ஒலிக்கும் குரல். 2006 செப்டம்பர் 29 அன்று இதயம் செயலிழந்து இறந்தபோது அவருக்கு 30 வயதுதான்.

கலைஞர் அல்ல என்றாலும் இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிரீக்கின் ஊரான பெர்கன் பக்கத்து நீச்சல் வீரர் அலெக்சாண்டர் டாலே ஊன். 2011 ஷாங்காய் உலகப் போட்டியில் 100 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றவர். 2012 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவில் பயிற்சி முகாமில் இருந்தபோது 26 வயதில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. உடற்கூறு ஆய்வில் இதய ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பு இருந்தது தெரிந்தது. அவருடைய தாத்தாவும் இளவயதில் மாரடைப்பால் இறந்தவர். வீட்டில் பெரியவர்கள் யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்ற விவரம் மருத்துவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை அளவுக்கு உதவும்.

புகை மூட்டத்தில் பாடியவர்கள்

இரவு விடுதியிலும் ஜாஸ் கிளப்பிலும் வாசித்து வாழ்ந்தவர்கள், தாங்கள் சிகரெட் பிடிக்காவிட்டாலும் ரசிகர்களின் புகையைச் சுவாசித்தார்கள். புகை ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுக்கும், ரத்தத்தை உறையவைக்கும். நார்வே 2004 ஜூன் 1 முதல் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைப்பதை முழுக்கத் தடைசெய்தது. அயர்லாந்துக்குச் சில வாரங்கள் பின்னால்தான். பாடுபவருக்கும் பரிமாறுபவருக்கும் நல்ல காற்று உரிமை என்று ஒரு நாடு ஒப்புக்கொண்ட நாள் அது. நள்ளிரவுச் சாப்பாடு, துண்டுதுண்டான தூக்கம், நிகழ்ச்சிக்குப் பிந்தைய மது ஆகியவற்றை எந்தச் சட்டமும் தடுக்காது. அங்கே கலைஞர்தான் முடிவெடுக்க வேண்டும்.

பொம்மைக்காரரின் கொடை

நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் பொம்மைகள் செய்து விற்றவர் ஆஸ்முண்ட் லேர்டல். இரண்டு வயது மகன் நீரில் மூழ்கிச் சாகப் போனான். தந்தையே அவனைக் காப்பாற்றினார். பின்னர் மருத்துவர்கள் கேட்டுக்கொண்டபடி, வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி உயிர்ப்பிக்கும் பயிற்சிக்கான ஆளுயரப் பொம்மையை 1960இல் உருவாக்கினார். ‘ஆன்’ என்று பெயர். நார்வேப் பள்ளிப் பிள்ளைகள் அறுபதுகளிலேயே அந்தப் பொம்மையை வைத்து உயிர்காப்பு முறை கற்றார்கள். இன்று உலகெங்கும் அதைக்கொண்டு நெஞ்சை அழுத்தவும் பழகுகிறார்கள்.

மேடையில் ஒருவர் சரிந்தால் என்ன செய்வது என்பது இந்தப் பயிற்சியில் இருக்கிறது. அழைத்தும் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். துடிப்பு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சேதமாகத் தொடங்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை கைகட்டி நிற்கக்கூடாது.

தள்ளிப்போடாதீர்கள்

நெஞ்சில் பாரம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் பழகிய அடையாளங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, குமட்டல், காரணமில்லாத அசதி மட்டும் வரலாம். ‘நேற்றைய கச்சேரிக் களைப்பு’ என்றோ ‘வாயு’ என்றோ ஒதுக்கிவிட எளிதான அறிகுறிகள் இவை. நார்வேயில் இருக்கும் உறவினருக்கு ஆம்புலன்ஸ் எண் 113 என்று சொல்லிவையுங்கள். நீங்கள் இருக்கும் ஊரின் எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். அறிகுறி தெரிந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அந்த எண்ணை அழையுங்கள்.