சட்டையில் மஞ்சள், நெற்றியில் கறுப்பு

தீபாவளிக்கு முந்தைய வாரம் வீட்டில் கறைகள் பெருகும் காலம். தாத்தாவின் நெற்றியோரம் முடிச்சாயம் கறுப்பாய் இறங்கியிருக்கும். கழுவுதொட்டியிலும் இரண்டு சொட்டு. அண்ணனின் வெள்ளைச் சட்டையில் சாம்பார். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தென்று வெளுப்புத் திரவப் போத்தலைத் தூக்குவோர் உண்டு. அதில் ஆபத்து இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

சாம்பார்க் கறையில் சவர்க்காரம் தேய்த்தால் மஞ்சள் சட்டென்று செம்பழுப்பாகும். துணி கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்ததும் இதே வினையால்தான். குர்குமின் நீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். எனவே முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை நீக்கிவிட்டு, துணியை ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். ஒளி பட்டால் அந்த மூலக்கூறு சிதைந்துவிடும். மலாக்கா வெயில் இந்த வேலைக்கென்றே அடிப்பது போலத் தோன்றும்.

முடிச்சாயம் வேறு வகை. கலக்கும்போது அது முழுக் கறுப்பாக இருப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பாரா-பினைலின்டயமின் போன்ற அதன் சிறு மூலக்கூறுகளுக்கு முதலில் நிறம் இல்லை. அமோனியா முடியின் வெளிச்செதில்களைத் தளர்த்த, அவை உள்ளே நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்ய, ஒன்றோடொன்று இணைந்து பெரிய கறுப்பு மூலக்கூறுகளாகின்றன. பிறகு வந்த வழியே வெளியேற முடியாது. தோலின் மேல்படலமும் முடியைப் போலக் கெராட்டின் நிறைந்தது. அதனால் அங்கும் பிடித்துக்கொள்கிறது. உடனே சவர்க்கார நீரால் துடைத்தால் பெரும்பகுதி போகும். மீதி, மேல்தோல் உதிரும்போது சில நாளில் தானே மங்கும். சாயம் பூசுமுன் நெற்றியோரம் தேங்காய் எண்ணெய் தடவுவது இதைவிட எளிது. சிலருக்கு இந்தச் சாயம் கடும் ஒவ்வாமை தரும். ஆகவே 48 மணி நேரத்துக்கு முன்பே சிறிதளவு பூசிப் பார்க்கச் சொல்லும் பெட்டிக் குறிப்பை அலட்சியம் செய்யாதீர்கள்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் பால் கறையைப் பற்றிச் சொல்வார்கள். 1896இல் தான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகத்துக்காக நட்டார். இந்த நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டங்களில் அதுவும் ஒன்று. பால்மரம் சீவுவோரின் உடையில் சொட்டும் பாலை ஈரத்திலேயே குளிர்நீரில் அலசினால் போய்விடும். எலுமிச்சை போட்டால்தான் வம்பு! படிவம் 5 வேதியியலில் படிப்பதுதான்: ரப்பர்த் துகள்களின் மேலுள்ள எதிர்மின்னூட்டத்தை அமிலம் நடுநிலையாக்கும், துகள்கள் மோதி, இழைகள் பின்னி உறைந்துவிடும். தொழிற்சாலையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவதும் இதற்காகவே. காய்ந்த பாலை உரித்து எடுத்துவிட்டு, எஞ்சியதை மண்ணெண்ணெயால் தேய்க்கலாம். அடுப்புக்கு அருகில் கூடாது.

துருக் கறைக்கு அதே எலுமிச்சை நல்லது. அமிலம் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும். வெளுப்புத் திரவமோ ஆக்சிஜனேற்றி. துருவை அது இன்னும் அழுத்தமாக்கிவிடும்.

இப்போது அந்த ஆபத்து. வெளுப்புத் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழுவுதொட்டியில் சிந்திய முடிச்சாயத்தின் மேல் அதை ஊற்றினால், சாயத்திலுள்ள அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு எழும். வினிகரோ அமிலக் கழிவறைத் திரவமோ சேர்ந்தால் குளோரின் வரும். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். சன்னல் இல்லாத சிறு குளியலறையில் கொஞ்சமும் போதும், கண் எரிந்து மூச்சு அடைக்க. அப்படி நேர்ந்தால் கழுவிச் சரிசெய்ய முயலாமல், வீட்டாரை அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். மூச்சுத் திணறல் நிற்காவிட்டால் 999ஐ அழையுங்கள். எந்த இரண்டு போத்தல்கள் கலந்தன என்பதையும் சொல்லுங்கள்.