கணவன் – மனைவி இடையே எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கலாம்: சென்னையும் பங்கேற்ற ஆய்வு சொல்வது என்ன?

எச்.ஐ.வி. பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. "நம்ம சமுதாயத்துக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆனால் வளைகுடா விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்து திரும்பி வரும் ஒருவர், அதைத் தன் மனைவியிடம் எப்படிச் சொல்வார்? சொல்லாமல் மறைத்தால் ஆபத்து அவளுக்கு. அவள் கர்ப்பிணியானால் குழந்தைக்கும். அதனால்தான் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். பின்னர் டாக்டர் சுனிதி தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம், உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ஓர் ஆய்வில் பங்கேற்றது.

1,763 தம்பதிகள்

'எச்.பி.டி.என். 052' என்பது அந்த ஆய்வின் பெயர். இந்தியா உட்பட 9 நாடுகளில் 1,763 ஜோடிகள் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. எல்லோருக்கும் ஆலோசனையும் ஆணுறையும் தரப்பட்டன. ஒரு பாதியினருக்கு கூட்டு மருந்து உடனே தொடங்கப்பட்டது. மறுபாதியினருக்கு, அன்றைய வழக்கப்படி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிறகே தொடங்கப்பட்டது.

2011 மே மாதம் இடைக்கால முடிவு வெளியானது. துணைவரிடமிருந்தே வந்தது என்று உறுதியான புதிய தொற்றுகள் 28. அவற்றில் 27, மருந்து தாமதமான பிரிவில். உடனே மருந்து எடுத்த பிரிவில் ஒன்றே ஒன்று. அதாவது 96 சதவீதம் தடுப்பு. அதன்பின் எல்லோருக்குமே மருந்து வழங்க முடிவானது.

காரணம் எளிது. கூட்டு மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டால், பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் இரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை தாம்பத்திய உறவின் மூலம் தொற்று பரவாது என்பதைப் பிந்தைய ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. ஆனால் பரிசோதனை அதை உறுதிப்படுத்தும்வரை ஆணுறை அவசியம். மருந்தை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும்.

கத்னா போதுமா?

"நமக்குத்தான் கத்னா செய்திருக்கிறதே" என்று சிலர் எண்ணுகிறார்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவும் வாய்ப்பு கத்னாவால் சுமார் 60 சதவீதம் குறைந்தது உண்மையே. ஆனால் அது முழுப் பாதுகாப்பு அல்ல. தொற்றுள்ள கணவனிடமிருந்து மனைவியைக் காக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

குழந்தைக்கு

சிகிச்சையே இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு 15 முதல் 45 வரை பாதிக்கப்படலாம். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் மருந்து எடுத்து, பிறந்த குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே கர்ப்பம் உறுதியானதும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம்.

வீட்டில் ஒதுக்க வேண்டாம்

ஒரே சஹனில் சாப்பிடுவதால், முஸாஃபஹா செய்வதால், ஒரே ஹவுளில் ஒளூச் செய்வதால், கொசுக் கடியால் எச்.ஐ.வி. பரவாது. சவர பிளேடு, ஊசி போன்றவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. மய்யித்தைக் குளிப்பாட்டவும் அஞ்ச வேண்டியதில்லை. எந்த மய்யித்தானாலும் கையுறை அணிந்து, இரத்தக் கசிவிருந்தால் கவனமாக இருப்பதே நல்லது.

எங்கே போவது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் குடும்பங்கள் அரசு மருத்துவமனைக்குச் சென்று 'நம்பிக்கை மையம்' எங்கே என்று கேட்டால் போதும். பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். தொற்று உறுதியானால் கூட்டு மருந்தும் அரசே இலவசமாகத் தருகிறது. 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

2018 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதிப்பதோ, முடிவை ஊரறியச் சொல்வதோ கூடாது. எனவே ஜமாஅத்துகள் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நிக்காஹ் பேச்சு வரும்போது, மாப்பிள்ளையும் பெண்ணும் விரும்பி முன்வந்து பரிசோதனை செய்துகொள்ள ஊக்கப்படுத்தலாம். முடிவு எப்படி வந்தாலும் அது அவர்களிடையே அமானிதமாக இருக்கட்டும். ஏற்கெனவே தொற்று உள்ளவர் மனைவியிடம் சொல்லத் தயங்கினால், நம்பிக்கை மைய ஆலோசகர் உதவுவார். அவர் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ, அவ்வளவு சீக்கிரம் அவரும் அவர் மனைவியும் பாதுகாப்பாகிறார்கள்.