கடலோர ரயிலில் போய் ஒரு ராச்சாப்பாடு

ஜப்பான் சாப்பாடு என்றாலே, "ஐயோ, பச்சை மீனா?" என்று முகம் சுளிக்கிறோம், இல்லையா? பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது எனக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் கணவரோடு எனோஷிமாவுக்குக் கிளம்பிவிட்டேன்.

காமகுராவிலிருந்து ஃபுஜிசாவா வரை ஓடும் 'எனோடென்' ரயில் 1902-ல் தொடங்கியது. 10 கிலோமீட்டருக்கு 15 ஸ்டேஷன்கள்! வீட்டுக் கொல்லைகளை உரசுகிற மாதிரி போய், சட்டென்று கடலைக் காட்டுகிறது.

கடலோர ஓட்டல்களில் 'ஷிராசு'தான் விசேஷம். மத்தி, நெத்திலிக் குஞ்சுகள். பச்சையாகவும் தருவார்கள், உப்புத் தண்ணீரில் வேகவைத்தும் தருவார்கள். கர்ப்பிணிகளுக்குப் பச்சை மீன் ஆகாது. அதிலுள்ள கிருமி கருவையும் பாதிக்கலாம். அதனால் 'காமாஅகே' என்று கேட்டேன். வெந்த மீன் சுடுசோற்றின்மேல் வெள்ளை வெளேரென்று வந்தது. முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது.

ஜப்பானியத் தாய்மார்கள் இதைக் கைக்குழந்தைக்கு ஊட்டுமுன் வெந்நீர் ஊற்றி, உப்பைப் போக்கி வடித்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்!

ஜனவரி முதல் மார்ச் 10 வரை அங்கே ஷிராசு பிடிக்கத் தடை. போகிறவர்கள் அதற்கப்புறம் போங்கள். மசக்கையோ, கைக்குழந்தையோ, எந்த ஊரிலும் "வெந்ததா?" என்று கேட்கக் கூச்சப்படாதீங்க!