ஒன்பதாவது வளைவில் போன மூச்சு

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். என் ஸ்விஃப்ட் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டது. லோம்ஸ் வியூ பாயிண்ட் வருமுன்னே, தூரத்தில் ஆம்புலன்ஸ் வருவதுபோல ஓர் ஊளை. ஒதுங்கி வழி விட்டேன். எதுவும் வரவில்லை, சத்தம் என் பானட்டுக்குள்ளிருந்துதான். அப்புறம் பிக்கப் போயிற்று. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை.

2010 மாடல் டீசல் வண்டி. 15 வருஷம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, இன்னும் 5 வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பித்து நாலு மாசம்கூட ஆகவில்லை. விற்க மனசு வரவில்லை.

“டீச்சர், டர்போ போயிருச்சுங்க” என்றார் பொள்ளாச்சி மெக்கானிக். கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே இருக்கும் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால்தான் டீசலையும் கூட்டி எரிக்க முடியும். வேகம் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டும். இதில் பால் பேரிங் கிடையாது. தண்டு ஆயில் படலத்தில் மிதந்தபடி சுற்றுகிறது.

தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் இம்மி அசைந்தால் தப்பில்லை, அந்த இடைவெளி ஆயிலுக்கானது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆடக் கூடாது, இறகு சுவரில் உரசக் கூடாது. என்னுடையது இரண்டையும் செய்தது.

அண்ணன் மகனுக்கு ஒரே குஷி. “அத்தை, இதான் சான்ஸ். எர்டிகா டர்போவை மாட்டிடலாம்.” அவன் சொன்னதில் பாதி நியாயம். ஃபியட்டின் இந்த 1248 சி.சி. எஞ்சின் மாருதி, டாட்டா என்று அத்தனை பேர் வண்டியிலும் ஓடியது. ‘தேசிய எஞ்சின்’ என்றே கிண்டல் செய்வார்கள். என் வண்டியில் அது 75 பி.எஸ்., எர்டிகாவில் 90. அந்த டர்போவுக்குள் திறந்து மூடும் சிறு இறகுகள் உண்டு. எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்று அந்த வண்டியின் கம்ப்யூட்டர் சொல்லும். என் வண்டியில் சொல்ல ஆளில்லை. டீசலின் அளவு மாறாமல் டர்போவை மட்டும் மாற்றினால் பலமும் கூடாது. இன்னும் பெரிதாகப் போட்டாலோ அது சுழன்று வேகம் பிடிக்கும்வரை மேட்டில் வண்டி முனகும். சின்ன டர்போ என்பதால்தான் எஞ்சினின் 2000 சுற்றிலேயே முழு இழுவையான 190 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. மலை ஏறுகிறவளுக்கு அது போதும்.

ஆகவே, பழைய டர்போவின் கூட்டின் மேல் அடித்திருந்த அதே நம்பர்தான். அதிலும் மூன்று வழி. கம்பெனிப் புதுசு: விலை அதிகம். பெயர் தெரியாத புதுசு: பெட்டி பளபளப்பாக இருந்தது, வேண்டாம் என்றேன். மூன்றாவது, வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு தண்டும் சக்கரங்களும் சேர்ந்த நடுப்பகுதியை மட்டும் மாற்றுவது, ‘கோர்’ என்பார்கள். கூட்டில் விரிசலோ உரசிய பள்ளமோ இருந்தால் இது ஆகாது. என் கூட்டில் இறகு உரசி வளையம் வளையமாகத் தடம். கம்பெனிப் புதுசையே வாங்கினேன்.

அதை மாட்டுமுன் மெக்கானிக் செய்த ஒரு காரியத்துக்காகவே இதை எழுதுகிறேன். டர்போவுக்கு ஆயில் போகும் விரல் பருமன்கூட இல்லாத குழாயைக் கழற்றி, “ஊதுங்க டீச்சர்” என்று நீட்டினார். கன்னம் வலித்ததே தவிர மறுமுனையில் காற்று வரவில்லை. உள்ளே கரி.

அதைச் செய்தது நான்தான். 12 வருஷம் உடுமலையிலிருந்து விரட்டி வந்து, முதல் மணி அடிக்குமுன் சாவியைத் திருகிவிட்டு ஓடியிருக்கிறேன். எஞ்சின் நின்றதும் ஆயில் ஓட்டமும் நிற்கும். கொதிக்கிற தண்டில் தேங்கிய ஆயில் தீய்ந்து கரியாகும். ஆயில் மாற்றுவதையும் நாள் தள்ளியிருக்கிறேன். அந்தக் குழாயோடு எந்த டர்போவை மாட்டியிருந்தாலும் ஒரு மாசம் தாண்டியிருக்குமா, சந்தேகம்தான்.

குழாய் புதுசு, ஆயில் புதுசு, ஃபில்டர் புதுசு. காற்றுக் குழாய்களில் தேங்கியிருந்த பழைய ஆயிலைக் கழுவி எடுத்தார்; அதை எஞ்சின் உறிஞ்சினால் சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடுமாம். டர்போவில் ஆயில் நுழையும் வாய்க்குள் கொஞ்சம் ஆயிலை ஊற்றி, இன்ஜெக்டர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை வெறுமனே செல்ஃப் அடித்தார். பிறகுதான் ஸ்டார்ட்.

அடுத்த வாரம் 40 வளைவையும் ஏறினேன். வால்பாறையில் டீக்கடை முன் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, ஸ்டார்ட்டிங் ட்ரபுளுங்களா? தள்ளிவிட ஆள் கூப்பிடட்டுங்களா?”