கடதாசியில் சுழலும் சூரியன்

வெயிலின் சாய்வைப் பார்த்து நேரம் சொல்லும் கமக்காரருக்குச் சூரியனைப்பற்றிப் புதிதாக என்ன சொல்ல இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தச் சூரியன் தன்னைத்தானே சுற்றுவதை எம்மில் எத்தனைபேர் கண்டிருக்கிறோம்? ஒரு சிறிய தொலைநோக்கியும் வெள்ளைக் கடதாசியும் பென்சிலும் இருந்தால் காணலாம். இளைஞர் சிலருடன் சேர்ந்து நாம் செய்துபார்த்த முதல் முயற்சி பிழைத்துப்போனது. பிழைத்த விதத்தைச் சொன்னால் தொடங்குபவர்களுக்கு உதவும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தொலைநோக்கியில் கண்ணை வைத்துச் சூரியனை ஒரு கணமேனும் பார்க்கக்கூடாது. பூதக்கண்ணாடியால் சருகு பற்றவைத்த பிள்ளைகளுக்குக் காரணம் விளங்கும். விழித்திரைக்கு நோவு தெரியாது. எரிந்துபோனதைப் பிறகுதான் அறிவோம். கறுப்புக் கண்ணாடி, புகைபிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம் எதுவும் காவல் அல்ல. எங்கள் கூட்டத்தில் ஒரு சிறுவன் கடதாசியை விட்டுக் குழாயின் வாயருகே குனிந்துவிட்டான். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அதன்பின் குழாயருகே ஒருவரைக் காவலுக்கு நிறுத்தினோம்; அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை.

குழாய்க்குப் பின்னால் கடதாசியைப் பிடித்து, அதில் சூரியனின் உருவை விழுத்தி, தெரியும் கரும்புள்ளிகளை அப்படியே வரைவதுதான் வழி. இதைக் காட்டிக்கொடுத்தவர் கலிலியோவின் மாணவரான பெனதெத்தோ கஸ்தெல்லி என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. கலிலியோ 1612 யூன் 2 முதல் யூலை 8 வரை, பெரும்பாலும் நாள்தோறும், ஏறத்தாழ ஒரே நேரத்தில் இப்படி வரைந்தார். அடுத்த ஆண்டு உரோமாபுரியில் அவை நூலாக வெளிவந்தன. அந்த வரைபடங்களை எம் காலத்தவர் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு அசையும் படமாக்கியிருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முந்திய சூரியன் அதில் திரும்புகிறது!

நாம் செய்ததும் அதுவே. இரண்டு கிழமைகள் வரைந்த தாள்களை அடுக்கி, ஓரத்தைப் பெருவிரலால் விசிறினோம். சூரியன் சுழலவில்லை, கள்ளுக் குடித்தவன்போல் தள்ளாடியது. ஒரு தாளில் பெருத்தது, மறுதாளில் சிறுத்தது. புள்ளிகள் மேலும் கீழும் பாய்ந்தன. அந்த ஆட்டத்தில் சூரியனுடைய பங்கு கொஞ்சம். எங்கள் கையின் பங்கே அதிகம்.

வட்டத்தின் அளவைத் திருத்துவது சுலபம். கவராயத்தால் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தை எல்லாத் தாளிலும் முன்னரே வரைந்து, உருவம் வட்டத்தில் சரியாகப் பொருந்தும்வரை தாளை முன்பின்னாக நகர்த்தினோம். கலிலியோவும் இப்படித்தான் செய்தார். தாள் சற்றுச் சரிந்தாலும் வட்டம் முட்டையாகிவிடும்.

திசைதான் எங்களைப் பாடுபடுத்தியது. காலையில் பார்க்கும் சூரியனின் முகம் மாலையில் வேறுபக்கம் சாய்ந்திருக்கும். நாமோ வசதிப்பட்ட நேரத்திலெல்லாம் வரைந்திருந்தோம். இதற்குப் பூமியே வழிகாட்டியது. தொலைநோக்கியை அசையாமல் விட்டால், சூரியனின் உருவம் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் தன் அகலமளவு நகர்ந்துவிடும். முதலில் இதைப் பெரும் தொல்லை என்று திட்டினோம். பின்னர்தான் விளங்கியது: ஒரு புள்ளி நகர்ந்துபோகும் பாதையே கிழக்கு மேற்குக் கோடு. அதைத் தாளில் கீறிக்கொண்டு, எல்லாத் தாளிலும் அக்கோட்டை ஒன்றாகப் பொருத்தினால் தள்ளாட்டம் நின்றுவிடும்.

முகில் மூடிய நாளுக்கு வெறும் வட்டத்தையே வைக்கவேண்டும். “நேற்றைக்கும் நாளைக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் என்ன, பாதர்?” என்று ஒருவர் கேட்டார். வைத்தால் படம் அழகாக ஓடும். ஆனால் காணாததைக் கண்டதாகச் சொன்னதாகிவிடும்.

இரண்டாம் முறை ஓடியது. பதினான்கு தாள், விசிறினால் ஒரு விநாடிக்குச் சற்று மேல். இரண்டு கிழமை உழைப்புக்கு அவ்வளவுதான்! ஆனால் அதற்குள் ஒரு பெரிய வழக்குத் தீர்கிறது. இயேசு சபைக் குரு கிறிஸ்தோப்பர் ஷைனர் இப்புள்ளிகளைச் சூரியனைச் சுற்றிவரும் சிறு உருண்டைகள் என்று முதலில் கருதினார். எங்கள் வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி நாளொன்றுக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்தது. ஓரத்தில் அதே புள்ளி ஒரு மில்லிமீற்றர் அளவே நகர்ந்து, ஒடுங்கிக் கீற்றாகியது. உருளும் பந்தில் ஒட்டிய பொட்டு இப்படித்தான் தெரியும். தள்ளி நின்று சுற்றும் பொருள் இவ்வாறு ஒடுங்காது. கலிலியோ காட்டிய நியாயம் இது. ஷைனரும் 1630இல் முடித்த பெருநூலில் புள்ளிகள் சூரியனிலேயே உள்ளன என்று ஏற்றுக்கொண்டார்.

பூமியிலிருந்து பார்க்க, சூரியன் ஏறத்தாழ 27 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. புள்ளிகள் சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்த இடங்கள். அதனால்தான் கறுப்பாகத் தெரிகின்றன. அங்கே வலுவான காந்தப்புலம் உண்டென்று அமெரிக்கரான ஹேல் 1908இல் கண்டார். எங்கள் வட்டத்தில் பூமியை வரைவதானால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த பொட்டுத்தான். நாம் வரைந்த பெரிய புள்ளி அதைவிட அகலம்! இதைச் சொன்னதும் தாள்கள் மறுபடி கைமாறின.

அந்தப் பெரிய புள்ளி மேற்கு ஓரத்தில் மறைந்துவிட்டது. பின்பக்கத்தில் கலைந்துபோகாவிட்டால் இரண்டு கிழமையில் கிழக்கு ஓரத்தில் கீற்றாகத் தெரியவேண்டும். புதுத் தாள்களில் வட்டம் கீறி வைத்திருக்கிறோம். இந்த முறை நேரம் காலை எட்டு மணி, மாற்றமில்லை.