பாட்டியின் பெட்டியில் ஒரு வெள்ளி ரூபாய்!

நாட்றம்பள்ளியில் ஒரு வீடு. அங்கே ஒரு பாட்டி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டி விட்டது. பாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சுருக்குப் பை. பைக்குள் பழைய காசுகள்!

பாட்டியின் பேரன் ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பழைய காசு சேர்ப்பதில் ஆசை. ஒரு நாள் பாட்டி பையை அவிழ்த்துக் கொட்டினார். ஓட்டைக் காலணா வந்தது. அரையணா வந்தது. கடைசியாக ஒரு வெள்ளி ரூபாய் உருண்டு வந்தது.

ஒரு பக்கம், கிரீடம் வைத்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மறுபக்கம் வழவழவென்று இருந்தது. ரூபாய் என்ற எழுத்தும் இல்லை. ஆண்டும் இல்லை. அந்த இடத்தில் தமிழில் ஒரு பெண்ணின் பெயர்!

"யார் பெயர் பாட்டி இது?"

"என் அம்மாவின் பெயரடா! என் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். போகும்போது இதைத் தேய்த்து, பெயர் வெட்டி, அம்மாவிடம் கொடுத்தார். அம்மா சாகும்வரை இதை விட்டுப் பிரியவில்லை."

விலை என்ன?

பேரன் காசு வியாபாரி ஒருவரிடம் காட்டினான். "ஆண்டு அழிந்து விட்டதே! வெள்ளி எடைக்குத்தான் விலை" என்றார் அவர்.

அவர் சொன்னது பொய் அல்ல. அந்த ரூபாயின் எடை சுமார் 11.66 கிராம். 12-ல் 11 பங்கு வெள்ளி. ஆனால் காசு சேர்ப்பவர்கள் முதலில் ஆண்டைத்தான் பார்ப்பார்கள். உதாரணமாக, 1911-ம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு யானை இருந்தது. அது பன்றி போலத் தெரிகிறது என்று மக்கள் கொதித்தார்கள். அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. அதனால் அந்த ஆண்டு ரூபாய்க்குத் தனி மவுசு!

கைதிகள் கொடுத்த காசு

அப்படியானால் பெயர் வெட்டிய காசுக்கு மதிப்பே இல்லையா? உண்டு!

1788 முதல் 1868 வரை, இங்கிலாந்து அரசாங்கம் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. கப்பல் ஏறும் முன், கைதிகளில் சிலர் செப்புக் காசைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அதில் ஊசியால் குத்திக் குத்தித் தங்கள் பெயரையும் மனைவியின் பெயரையும் எழுதினார்கள். 'என்னை மறந்து விடாதே' என்று கொடுத்து விட்டுப் போனார்கள்.

அந்தச் செப்புக் காசுகள் இன்று எங்கே? கான்பெர்ரா நகரில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் 300-க்கு மேல் இருக்கின்றன!

நமக்கும் இது புதிதல்ல. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கிறோம் அல்லவா? பாத்திரம் நசுங்கினாலும் பெயர் நிற்கிறது.

தேய்க்காதீர்கள்!

உங்கள் வீட்டிலும் பழைய காசு இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எழுத்து மழுங்கும், மதிப்பும் குறையும். உருக்கவும் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். யார் கொடுத்தது என்று உறை மேல் எழுதுங்கள். நிலத்தைத் தோண்டும்போது புதையல் கிடைத்தால் மறைக்காதீர்கள். கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் ஆண்டுச் சட்டம்.

பேரன் அந்த ரூபாயை விற்கவில்லை. உறையில் போட்டு, பாட்டி சொன்னதை எல்லாம் எழுதி வைத்தான்.

"நான் போன பிறகும் இது வீட்டில் இருக்குமாடா?" என்று கேட்டார் பாட்டி.

"இருக்கும் பாட்டி. இப்போது இதன் கதை எனக்கும் தெரியுமே!" என்றான் பேரன்.

பாட்டி சுருக்குப் பையை இழுத்துக் கட்டினார். ரூபாயை மட்டும் பேரன் கையிலேயே விட்டு விட்டார்.